இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஒரு கூட்டம்

லிஃப்ட்காரருக்குப் பொய் சொல்ல வருமா என்று அவர் வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். குடித்துவிட்டு வந்து, "வெயில்ல நின்னேன், கண்ணு செவந்துருச்சு" என்பார். அடைமழை பெய்கிற மாதத்திலும் அவருக்கு மட்டும் தனியாக ஒரு வெயில் அடிக்கும். வாயில் எப்போது பார்த்தாலும் பெப்பர்மின்ட் மிட்டாய். ஏன் என்றால் பல்வலி. மனைவி நிஜமாகவே பல் டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்தபோது, அந்தப் பல்வலி போன இடம் தெரியவில்லை. முதலாளிக்கு ஒரு பொய், கூட வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பொய், பள்ளிக்கூடம் போகும் மகளுக்கு ஒரு பொய் என்று யாருக்கும் குறை வைக்காமல் பங்கிட்டுக் கொடுப்பதில் மனிதர் மன்னன்.

ஆனால் லிஃப்ட் ரிப்பேர் தொழில் என்று வந்துவிட்டால் ஆளே வேறு. குடித்த கையால் லிஃப்ட் பிரேக்கைத் தொட மாட்டார். தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் கூட இருந்த ஒருவன் போதையில் பிரேக்கைத் தளர்த்தப்போய், சுழன்ற சக்கரத்தில் கையைக் கொடுத்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர். அன்றைக்குப் பிடித்த பயம் இன்றைக்கும் விடவில்லை. குடித்த நாளில் "காய்ச்சல்" என்று சொல்லி லீவு போட்டுவிடுவார். அதுவும் பொய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிரேக் விஷயத்தில் யோக்கியன். கோளாறு என்னவென்றால், வரவர அவருக்குக் காய்ச்சல் அடிக்கடி வர ஆரம்பித்துவிட்டது. "இன்னொரு தடவை காய்ச்சல் வந்தா, நிரந்தரமா வீட்டிலேயே ரெஸ்ட் எடுத்துக்கோ" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டரியில் வேலை பார்க்கிறாள். நனைந்த போர்வைகளைத் தொட்டியிலிருந்து தூக்கித் தூக்கி அவள் தோள்கள் உருட்டுக்கட்டை போல் ஆகியிருந்தன. அங்கே வார்டில் வேலை செய்யும் ஒரு நர்ஸ்தான் அவள் காதில் விஷயத்தைப் போட்டாள். குடியை விட்டவர்கள், விட நினைப்பவர்கள், விட முடியாமல் தவிப்பவர்கள் எல்லோரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடிப் பேசுகிறார்களாம். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, திட்டு கிடையாது. பேச்சுதான்.

"பேசினா குடி போயிருமா?" என்றார் லிஃப்ட்காரர், நக்கலாக.

"நீங்க இதுவரைக்கும் நிஜத்தைப் பேசிப் பார்த்ததில்லையே. ஒரு தடவை பேசிப் பாருங்க" என்றாள் அவள், போன் நம்பரை அழுத்திக்கொண்டே.

மறுமுனையில் ஒரு பெண் குரல். குரலா அது, விசில்! போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மாள் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவர். குளத்தின் அந்தக் கோடியில் தண்ணீருக்குள் இருப்பவனுக்கும் கேட்கும்படி பேசிப் பேசிப் பழகியவர். எல்லோருக்கும் அவர் கோச்.

"அவரையே பேசச் சொல்லுங்க" என்றார் கோச்.

லிஃப்ட்காரர் போனை வாங்கிக்கொண்டார். "என் ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான் மேடம். அவனுக்காகத்தான் கேக்குறேன்."

"ரொம்ப நல்லது. அந்த ஃப்ரெண்டைக் கூட்டிக்கிட்டு நீங்க வாங்க. அவர் வரலைன்னாலும் நீங்க வாங்க. சனிக்கிழமை ஆறு மணி. வாசல்ல போர்டு எதுவும் இருக்காது. யாரு வர்றாங்கன்னு வெளியே தெரியக் கூடாது பாருங்க. பேரும் கேக்க மாட்டோம்."

அந்தப் போர்டு இல்லாத விஷயம்தான் முதல் சனிக்கிழமையைக் கெடுத்தது. நான்கு மாடிக் கட்டடம். கீழே மூக்குக் கண்ணாடிக் கடை, ஜெராக்ஸ் கடை. மேலே வரிசையாக அறைகள், எல்லாக் கதவும் ஒரே மாதிரி. லிஃப்ட்காரர் மனைவியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தனியாக மூன்றாம் மாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். வட்டமாக நாற்காலிகள், கவலை தோய்ந்த முகங்கள். சந்தேகமே இல்லை, இதுதான் என்று உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவு வருஷமா இந்தப் பழக்கம்?" என்று கேட்டார் நடத்துகிறவர்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து."

"ராத்திரி மட்டுமா?"

"முன்னாடி ராத்திரி மட்டும்தான். இப்பப் பகல்லயும்."

"குறைச்சா உடம்பு என்ன பண்ணுது?"

"கை நடுங்குது. வேர்த்துக் கொட்டுது. சுவத்துல எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது."

நடத்துகிறவர் பேனாவை மூடினார். "சார், நான் இனிப்பு சாப்பிடுறதைக் கேட்டேன்."

அது உடல் எடை குறைப்பவர்களின் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பருமனான பெண்மணி, இவர் எலும்பும் தோலுமாக இருப்பதை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கு என்ன சார் குறைக்கணும்?" என்று கேட்டாராம். தலைதெறிக்க ஓடிவந்தவர், இனி அந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன் என்று சாதித்துவிட்டார்.

அந்த வாரம்தான் மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சத்தம் போட்டால் சமாளித்துவிடலாம். அவள் அமைதியாகச் சொன்னதைத்தான் சமாளிக்க முடியவில்லை. "இந்தச் சனிக்கிழமை தொடாம வந்து அங்க உட்காருங்க. தொட்டிருந்தீங்கன்னா நானும் பொண்ணும் அம்மா வீட்டுக்குப் போயிடுவோம். இதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்ல." அவள் சொன்னால் செய்கிற ஆள். அது அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை வந்தது. காலையில் கேட்டாள், "இன்னைக்கு?" "தொடல." நிஜமாகவே அப்போது தொட்டிருக்கவில்லை. ஆனால் மத்தியானம் நெருங்க நெருங்க, அந்தக் கதவு, அந்த நாற்காலிகள், பேசு பேசு என்று பார்க்கப்போகும் கண்கள் எல்லாம் நினைவுக்கு வந்து, மனிதருக்கு இருப்பே கொள்ளவில்லை. குடியை விடுவது பற்றிப் பேசப் போவதற்குத் தைரியம் வேண்டும் என்று குடித்தார்! இந்த மாதிரி யோசனை உலகத்தில் குடிகாரனுக்கு மட்டும்தான் தோன்றும். கிளம்பும்போது வாசலில் மறுபடியும் கேட்டாள். "சத்தியமா தொடல" என்றார், பெப்பர்மின்ட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டே.

இருவரும் கட்டடத்துக்குள் நுழைந்தபோது லிஃப்டுக்குள் ஐந்து பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். வயிறு பெருத்த பேக்கரிக்காரர் ஒருவர், கையில் பன் நிறைந்த பெட்டியோடு, "வாங்க வாங்க, இன்னும் ரெண்டு ஆளுக்கு இடம் இருக்கு" என்று கூப்பிட்டார். லிஃப்ட்காரர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். கதவு மூடும்போது உள்ளே ஏதோ இரும்பு சரியாகப் போய்க் கவ்வாத சத்தம். "நாங்க படியிலேயே வர்றோம்" என்றார். அவருடைய கம்பெனி பராமரிக்கும் லிஃப்ட் இல்லை அது. நமக்கென்ன என்று படியேறினார்.

இவர்கள் படியில் இரண்டாம் மாடியைத் தாண்டவில்லை. டங்! கட்டடமே ஒரு குலுக்குக் குலுங்கியது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுவிட்ட லிஃப்டின் இருட்டுக்குள்ளிருந்து ஒரே கூச்சல்.

ஆட்கள் ஓடிவந்தார்கள். எடை குறைக்கிறவர்கள் மூன்றாம் மாடியிலிருந்து தபதபவென்று இறங்கினார்கள். காவலாளி கீழேயிருந்து மேலேறி வந்தார். லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டார், ஆள் வர வெகுநேரம் ஆகும் என்றார்கள். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் பாலத்தில் நெரிசலாம். உள்ளே கதவைத் தட்டிக்கொண்டே யாரோ கத்தினார்கள்: "போஸ்ட்மேன் ஐயாவுக்கு மூச்சு முட்டுது! சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க!"

அப்போதுதான் கோச் வந்து சேர்ந்தார். குளத்திலிருந்து நேராக வந்தவர், ஈரத்தலை, கழுத்தில் விசில். "யாரு உள்ள? பேக்கரிக்காரரா? எல்லாரும் உட்காருங்க! மூச்சை மெதுவா விடுங்க! மூக்கால இழுத்து, வாயால விடணும்!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், உள்ளே கூச்சல் சட்டென்று அடங்கியது. வெளியே நின்றவர்களும் மூக்கால் இழுத்து வாயால் விட்டார்கள்.

 பிறகு உள்ளேயிருந்து பேக்கரிக்காரரின் குரல், கணீரென்று: "மணி ஆறாச்சு. வழக்கப்படி கூட்டத்தை ஆரம்பிச்சிடலாமா?"

"ஆரம்பிங்க!" என்றன இருட்டுக்குள் நான்கு குரல்கள்.

படியில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோச் மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. "நாங்க மழையில ஆரம்பிச்சிருக்கோம், கரண்ட் இல்லாம ஆரம்பிச்சிருக்கோம். ஆறு மணின்னா ஆறு மணிதான். தள்ளிப்போட ஆரம்பிச்சா எங்க ஆளுங்க எங்க போய் நிப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார். உள்ளே யாரோ பேசி முடிக்க, மற்றவர்கள் ஒன்றாக "நன்றி" என்று சொன்னது கதவு வழியாகக் கேட்டது. லிஃப்ட்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு பேசுகிறார்களே, இவர்கள் என்ன மனிதர்கள்!

அடுத்தபடியாகப் போஸ்ட்மேன் பேச வாயெடுத்தார். பாதியில் இருமல். இருமலா அது, நிற்கவேயில்லை. லிஃப்ட்காரரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் கத்தியே விட்டாள்:

"இதோ, என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்தான்! அவருக்கு எல்லாம் தெரியும்!"

படிக்கட்டு முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. எவ்வளவு நாளாகிவிட்டது அவள் அந்தக் குரலில் 'என் வீட்டுக்காரர்' என்று சொல்லி! அவள் முகத்தில் பெருமை கொப்பளித்தது. லிஃப்ட்காரரோ பெப்பர்மின்ட்டை அப்படியே விழுங்கிவிட்டார்.

யோசிக்க விட்டால்தானே? கோச் அவரைத் தோளில் பிடித்துத் தள்ளாத குறையாக மேலே ஓட்டிக்கொண்டு போனார். லிஃப்ட்காரர் போகிற போக்கில் தன் தோளில் தொங்கிய கருவிப் பையிலிருந்து லிஃப்ட் கதவு திறக்கும் முக்கோணச் சாவியை எடுத்துக் காவலாளியிடம் கொடுத்தார். "ரெண்டாம் மாடிக் கதவுகிட்ட நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கவே கூடாது." மொட்டை மாடிக்குக் கீழே சின்ன மோட்டார் அறை. காவலாளி கொடுத்த சாவியால் கோச் பூட்டைத் திறந்தார், மனைவி பின்னாலேயே நுழைந்தாள். உள்ளே கிரீஸ் வாடை, தூசு, ஒரு பெரிய மோட்டார், அதன் முனையில் கைச்சக்கரம். தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கயிறுகள் கீழே இருட்டுக்குள் இறங்கின. அந்த ஓட்டை வழியாகப் போஸ்ட்மேனின் இருமல் பக்கத்து அறையில் கேட்பதுபோல் கேட்டது.

"மெயினை அணைங்க" என்றார். கோச் அணைத்தார். இனி மின்சாரம் இல்லை. ஒருவர் நெம்புகோலை அழுத்திப் பிரேக்கைத் தளர்த்த, இன்னொருவர் சக்கரத்தை மெல்ல மெல்லத் திருப்ப, லிஃப்ட் இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அவர் கை தானாக நெம்புகோலை நோக்கிப் போனது.

போன கை பாதியில் நின்றது.

"என்னண்ணா, தெரியாதா?" என்றார் கோச்.

"தெரியும்."

"அப்ப பிடிங்க!"

மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். பெருமை இன்னும் அவள் முகத்தை விட்டுப் போகவில்லை. பிடித்துவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். கை கூட நடுங்கவில்லை, உள்ளே போன சரக்கு அதைப் பார்த்துக்கொண்டது. பிடித்து இறக்கிவிட்டால் எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள், மனைவி வீட்டில் இருப்பாள், மகள் இருப்பாள். சொல்லிவிட்டாலோ, இன்றைக்கே எல்லாம் முடிந்தது. ஆனால் கீழே ஐந்து பேர் தொங்குகிறார்கள். நெம்புகோலை ஒரு நொடி அதிகமாக அழுத்தினால், கண் ஒரு நொடி அசந்தால்...

இரண்டு கைகளையும் இழுத்துப் பேன்ட் பைக்குள் சொருகிக்கொண்டார்.

"நான் இதைத் தொடக் கூடாது. மத்தியானம் குடிச்சிருக்கேன்."

பதற்றத்தில் சத்தமாகவே வந்துவிட்டது.  அவர் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை, தைரியம் வரவில்லை.

அப்போது தரையிலிருந்த ஓட்டை வழியாக, கீழே இருட்டுக்குள்ளிருந்து, பேக்கரிக்காரரின் குரல் மேலேறி வந்தது. "சொன்னதுக்கு நன்றி. அடுத்தது யாரு?"

மற்ற குரல்களும், இருமலோடு சேர்ந்து, "நன்றி" என்றன.

கோச் வாய்விட்டுச் சிரித்தேவிட்டார். "பார்த்தீங்களா, ரூமுக்குள்ள காலே வைக்கல, அதுக்குள்ள பேசி முடிச்சிட்டீங்க! சரி, இப்ப யாரு பண்றது?"

"நீங்க ரெண்டு பேரும் பண்ணுங்க. நான் சொல்றேன்." அவர் குரலில் இப்போது ஓர் உறுதி வந்திருந்தது, அவருக்கே அது புதிதாக இருந்தது. "மேடம், நீங்க நெம்புகோல். நான் 'விடு'ன்னா அந்த நொடியே விட்டுடணும், ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது." பிறகு மனைவியிடம், இன்னும் முகத்தைப் பார்க்காமலே, "நீ சக்கரம். ரெண்டு கையாலயும் பிடி. அது இழுக்கும். இழுத்தாலும் நீ விட்டுடாதே" என்றார்.

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தாள்.

"அழுத்துங்க. திருப்பு, மெதுவா. இன்னும். போதும், விடு!" டக். பிரேக் கவ்வியது. "நல்லா இருக்கு. மறுபடியும். அழுத்துங்க, திருப்பு, விடு!" உள்ளே ஐந்து பேரின் கனம் சக்கரத்தை இழுத்தது. இழுக்கட்டுமே! நனைந்த போர்வைகளோடு தினமும் மல்லுக்கட்டுகிற தோள்கள் அவை, ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. லிஃப்ட்காரர் கயிற்றின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் கயிற்றில் பெயின்டால் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோடு நேரே வந்தால் லிஃப்ட் தளத்துக்கு நேரே வந்தது என்று அர்த்தம். கோடு வந்துகொண்டிருந்தது. பைக்குள் அவர் விரல்கள் துடித்தன, வாய் மட்டும் வேலை செய்தது. "இன்னும் கொஞ்சம். விரல்கடை அளவுதான். அவசரமே இல்ல. விடு! வந்துருச்சு!"

கோச் விசிலை வாயில் வைத்து ஊதினார் பாருங்கள், நான்கு மாடியும் அதிர்ந்தது. கீழே கதவு திறக்கும் சத்தம், அதன் பின்னாலேயே ஒரே ஆரவாரம். எடை குறைக்கிறவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாகக் கை தட்டினார்கள். போஸ்ட்மேனைக் காற்றாட உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் ஒரு வாய் குடித்ததும் கேட்ட முதல் கேள்வி: "நான் பேசினது பாதியில நிக்குது, மேல போய்த் தொடரலாம்தானே?"

தொடரத்தான் போனார்கள், எல்லோரும் படியேறி. லிஃப்ட்டை யாரும் தொடக் கூடாது, கம்பெனி ஆள் வந்து பார்க்கிறவரை மெயினைப் போடவும் கூடாது என்று லிஃப்ட்காரர் காவலாளியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். கூட்டம் நடக்கும் அறை இருந்த நான்காம் மாடியில், நடையின் கோடியில் ஒரு குழாய். மனைவி அங்கே நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கிரீஸ் போவதாக இல்லை. அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"காலையில கேட்டேன்" என்றாள் அவள், குழாயைப் பார்த்துக்கொண்டே. "வாசல்ல கேட்டேன். போன வருஷம் நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப அழுதுகிட்டே கேட்டேன். ஒரு தடவை நிஜம் சொன்னதில்ல. அந்த இரும்புகிட்ட மட்டும் எப்படி வாய் வந்துச்சு?"

"அங்க அஞ்சு உயிரு தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

"வீட்டுல ரெண்டு உயிரு தொங்கிக்கிட்டு இருக்கே. அது தெரியலையா?"

 பிரேக்குக்குப் பயந்தது போல இவளுக்கு ஒரு நாளும் பயந்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு நடுவே, இத்தனை வருடமாகப் போட்டுப் பூட்டி வைத்த ஒன்றைத் திறந்துவிட்டதில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது பயமா, சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை.

அறைக்குள்ளிருந்து கோச் எட்டிப் பார்த்தார். "அண்ணா, உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கோம். அக்கா, வீட்டு ஆளுங்களுக்கு அடுத்த ரூம், அங்க பேக்கரிக்காரர் சம்சாரம் இருக்காங்க. இஷ்டம்னா உட்காருங்க." சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மனைவி குழாயை மூடினாள். "போங்க. எனக்குச் சத்தியம் எதுவும் பண்ண வேண்டாம், அதெல்லாம் நிறையப் பார்த்தாச்சு. அம்மா வீட்டுக்குப் போறதை நான் இன்னும் முடிவு பண்ணல. நீங்க வெளியே வந்தப்புறம் கேப்பேன், அப்ப நிஜத்தைச் சொல்லுங்க."

அவர் இரண்டடி வைத்தார். நின்றார். திரும்பி வந்து, தோளில் தொங்கிய பையைக் கழற்றி அவள் முன்னால் நீட்டினார்.

"மத்தியானம் குடிச்சது ரெண்டு கிளாஸ். மீதி பாட்டில் இதுக்குள்ளதான் இருக்கு, ஸ்பானருக்கு அடியில, துணி சுத்தி. கூட்டம் முடிஞ்சு வந்து குடிக்கலாம்னு வச்சிருந்தேன்."

அவள் அதைக் கேட்டிருக்கவேயில்லை. கேட்காமல் அவர் சொன்ன நிஜம், கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் முதல். அவள் அவரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, உதட்டில் மட்டும் ஒரு சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று தத்தளித்தது. பிறகு பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பாட்டிலை எடுத்துத் திறந்து, குழாயடியில் கவிழ்த்தாள்.

"உள்ள போங்க" என்றாள். "ஆரம்பிச்சுட்டாங்க."